ஓட்டு வீட்டை நாட்டுப்புறக் கலை நினைவில்லமாக்குவது எப்படி: தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஊருக்கு ஊர் பூட்டிக் கிடக்கும் ஓட்டு வீடுகளைப் பார்க்கலாம். பிள்ளைகள் ஓசூருக்கும் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பிழைக்கப் போய்விட்டார்கள். பெரியவர்கள் காலமாகிவிட்டார்கள். அவற்றில் சில, கூத்து வாத்தியார்கள் வாழ்ந்த வீடுகள். சில, பம்பைக்காரர் வீடுகள். நடவுக்குப் போனால் நாலு வயலுக்குக் கேட்கப் பாடிய பாட்டி ஒருத்தியின் வீடாகவும் ஒன்று இருக்கும். "இதை இடிக்காமல் ஒரு நினைவில்லமாக வைத்தால் என்ன?" என்று யாராவது பேச்செடுப்பார்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் அந்தப் பேச்சு அடுத்த மழைக்குள் நின்றுவிடும், அதற்கடுத்த மழையில் வீடும் விழுந்துவிடும். அப்படிப் பேச்செடுத்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

பழைய பொருளைச் சேர்த்து அடுக்குவது எளிது. உரலும் ஆட்டுக்கல்லும் எந்த ஊரிலும் கொல்லைப்புறத்தில் கேட்பாரற்றுக் கிடக்கின்றன. அந்தக் கல்லில் அரைத்தவர் யார், எந்த நேரத்தில் அரைத்தார், அரைக்கும்போது என்ன பாடினார் என்ற பேச்சு கூடவே வந்து சேராவிட்டால் நீங்கள் வைத்திருப்பது வெறும் கல்தான். ஆகவே எந்தப் படியில் நின்றாலும், பொருளைத் தேடுவதற்கு முன்னால் ஆளைத் தேடிப் போங்கள். பொருள் இன்னும் பத்து வருடம் கிடக்கும். ஆள் கிடைக்க மாட்டார்.

முதல் வேலை: நாலு இடம் பார்த்து வருவது

தொரப்பள்ளியில் ராஜாஜி 1878-இல் பிறந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது. ஓசூர் பக்கம் போகிறவர்கள் அதை அவசியம் பார்க்க வேண்டும். சின்ன கிராமத்து வீட்டை எவ்வளவு குறைவாகத் தொட்டு, எவ்வளவு சொல்ல முடியும் என்பதற்கு நம் பக்கத்திலேயே உள்ள எடுத்துக்காட்டு அது. சுப்பிரமணிய சிவா 1925-இல் காலமான பாப்பாரப்பட்டியில் அவருடைய நினைவிடம் உள்ளது. தர்மபுரியில் நடுகற்களை, அதாவது இறந்த வீரர்களின் நினைவாக நட்ட கற்களை, வைத்திருக்கும் தொல்லியல் துறை அகழ்வைப்பகமும், கிருஷ்ணகிரியில் அரசு அருங்காட்சியகமும் இருக்கின்றன. சென்னைக்குப் போக நேர்ந்தால் முட்டுக்காட்டில் 1996-இல் திறந்த தட்சிணசித்ராவைப் பாருங்கள். பல ஊர்களிலிருந்து பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து அங்கே மறுபடி கட்டியிருக்கிறார்கள்.

போகும்போது ஒரு நோட்டு கொண்டு போங்கள். எந்த அறிவிப்புப் பலகையை முழுதாகப் படித்தீர்கள், எதைப் பாதியில் விட்டீர்கள், கூட வந்த குழந்தை எங்கே நின்றது, எங்கே சலித்துப் போனது என்று எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் உங்கள் வீட்டில் என்ன வைப்பது, எதை விடுவது என்று முடிவெடுக்க இந்தக் குறிப்பு மிகவும் உதவும்.

காகிதம் சரியாக இருக்க வேண்டும்

வீட்டின் மேல் ஒரு ரூபாய் செலவு செய்வதற்கு முன் பத்திரத்தைப் பாருங்கள். கிராமத்து வீடுகள் பெரும்பாலும் நத்தம் நிலத்தில், அதாவது ஊர்க் குடியிருப்புக்கென்று ஒதுக்கிய நிலத்தில் இருக்கும். தாத்தா பெயரிலேயே பட்டா நின்றிருக்கும், அல்லது பட்டாவே இருக்காது. வில்லங்கச் சான்று எடுங்கள். வாரிசுகள் எத்தனை பேர், பாகப்பிரிவினை ஆகியிருக்கிறதா என்று கேளுங்கள். அண்ணன் சம்மதித்து, பெங்களூரில் இருக்கும் தங்கைக்குச் செய்தியே தெரியாமல் வேலை தொடங்கினால் திறப்பு விழா அன்று சண்டை வரும். பெண் வாரிசுகளையும் சேர்த்து எல்லோரிடமும் நேரில் போய்ப் பேசிக் கையெழுத்து வாங்குங்கள்.

குடும்பம் வீட்டைத் தானமாகத் தந்தால் தானப் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். விட்டுக்கொடுக்க மனமில்லை, ஆனால் பயன்படுத்திக்கொள்ளச் சொல்கிறார்கள் என்றால் குத்தகை போடலாம். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையையும் பதிவு செய்தே ஆக வேண்டும். வாய்ப்பேச்சாக மட்டும் விடாதீர்கள்.

வீட்டை நடத்த ஓர் அமைப்பு வேண்டும். பொது அறக்கட்டளையாகப் பதியலாம், அல்லது தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ் ஏழு பேர் சேர்ந்து சங்கமாகப் பதியலாம். என் யோசனை சங்கம்தான். அறக்கட்டளை ஒரு குடும்பத்துக்குள் சுருங்கிவிட வாய்ப்பு அதிகம். சங்கத்தில் ஊர்க்காரர்கள், கலைஞர்கள், பள்ளி ஆசிரியர் ஒருவர், அந்த வீட்டு வாரிசு ஒருவர் என்று கலந்து வைக்கலாம். ஏழு பேரில் குறைந்தது இரண்டு பேராவது மேடையேறி ஆடியவராகவோ அடித்தவராகவோ பாடியவராகவோ இருக்கட்டும்.

வீட்டைத் தொடுவது

இந்த இடத்தில் நிதானமாகப் போக வேண்டும், ஏனென்றால் அதிகம் கெடுவது இங்கேதான். நல்ல மனதோடு தொடங்குகிறவர்கள் முதலில் செய்வது, மண் சுவருக்குச் சிமெண்டு பூசி, தரைக்கு டைல்ஸ் போட்டு, நாட்டு ஓட்டை இறக்கிவிட்டுத் தகரம் போடுவது. அதற்கப்புறம் அங்கே நினைவில்லம் என்று ஒரு பலகை மட்டும்தான் இருக்கும்.

சுத்தியலை எடுப்பதற்கு முன்னால் வீட்டைப் படம் எடுங்கள். ஒவ்வொரு சுவரும், கதவு, நிலைப்படி, விளக்கு மாடம், அடுப்படியில் புகை படிந்த இடம், பிள்ளைகளின் உயரம் கீறிய கோடு, ஏதாவது பெயர் எழுதிய இடம் என எதையும் விடாதீர்கள். கையால் ஒரு வரைபடம் போட்டு நீள அகலம் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் வாழ்ந்தவர் யாராவது உயிரோடு இருந்தால் அவரைக் கூட்டி வந்து ஒவ்வொரு மூலையாக நிற்க வைத்துப் பேசச் சொல்லுங்கள். "இங்கே குதிர் இருந்தது, ராகி கொட்டி வைப்போம், இந்த ஆணியில்தான் சலங்கையை மாட்டுவார்" என்று அவர் சொல்லும் சொல் ஒவ்வொன்றும் பின்னால் ஒரு பலகைக்கான வாசகம்.

மண் சுவருக்குச் சிமெண்டு ஏன் கூடாது? மண் சுவர் ஈரத்தை வாங்கும், வெயிலில் விட்டுவிடும். மேலே சிமெண்டு பூசினால் வாங்கிய ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே தங்கும். அடிச்சுவர் ஊறி இளகும், பூச்சு தனியாகப் பெயர்ந்து விழும்போது மண்ணையும் இழுத்துக்கொண்டு வரும். வெடிப்புகளை அதே மண்ணைக் குழைத்து, வைக்கோல் நறுக்கிப் போட்டுப் புளிக்க வைத்து அடைக்க வேண்டும். மேலே சுண்ணாம்பு அடிக்கலாம். கிளிஞ்சலோ கல்லோ எதைச் சுட்ட சுண்ணாம்பாக இருந்தாலும் தண்ணீரில் போட்டுச் சில நாள் ஊற வைத்து, துணியில் வடிகட்டி அடியுங்கள். நீற்றும்போது கொதிக்கும், கண்ணில் பட்டால் ஆபத்து. குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

சுவருக்கு எதிரி மேலிருந்து வரும் மழையும் கீழிருந்து ஏறும் ஈரமும்தான். சுவரை ஒட்டி வருடக்கணக்கில் மண் மேவி வீட்டுத் தரையை விட வாசல் உயர்ந்திருக்கும். தெருவில் சிமெண்டுச் சாலை போட்டுப் போட்டு அது இன்னும் ஏறியிருக்கும். அந்த மண்ணை வெட்டி எடுத்து, எறவானத்துத் தண்ணீர் சுவரில் தெறிக்காமல் ஓடுவதற்கு ஒரு சின்ன வாய்க்கால் எடுங்கள். பாதி வீடுகளுக்கு இது மட்டுமே போதும்.

கூரையில் ஓட்டைப் பிரித்து, உடைந்ததை மாற்றி, நல்லதை மறுபடி அடுக்க வேண்டும். நாட்டு ஓடு இப்போது புதிதாகக் கிடைப்பது கடினம். பக்கத்து ஊர்களில் இடிக்கும் வீடுகளில் சொல்லி வைத்தால் கிடைக்கும். பழைய ஓட்டை வாங்கும்போதே பத்தில் இரண்டு கூடுதலாக வாங்கிக் கொல்லையில் அடுக்கி வையுங்கள், குரங்கும் பூனையும் வருடா வருடம் வேலை வைக்கும். விட்டமும் கைமரமும் தட்டிப் பார்த்தால் தெரியும். கணீரென்றால் நல்லது. சத்தம் பொத்தலாகக் கேட்டால் திருப்புளியால் குத்திப் பாருங்கள். கரையான் தின்ற மரத்தை மட்டும் மாற்றுங்கள், எல்லாவற்றையும் அல்ல. கோடை மழை காற்றோடு வரும் பக்கம் இது. ஆகவே கூரை வேலையைத் தை, மாசியில் முடித்துவிடுங்கள்.

ஓட்டு வீட்டையும் கூரை வீட்டையும் பூச்சியிடமிருந்து இத்தனை காலம் காத்தது அடுப்புப் புகை. விறகு அடுப்பு எரிந்த வரைக்கும் மூங்கிலையும் மரத்தையும் வண்டு அண்டவில்லை. வீட்டைப் பூட்டிய பிறகுதான் உளுத்துப்போகத் தொடங்கியது. முடிந்தால் அடுப்படியை உயிரோடு வையுங்கள். வாரம் ஒரு நாள் அங்கே களி கிண்டினால் வீட்டுக்கும் நல்லது, வருகிறவர்களுக்கும் நல்லது. துணியும் காகிதமும் இருக்கும் அறைக்குப் புகை போகாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தரையைச் சாணம் போட்டு மெழுகுவதும் அப்படித்தான், ஆள் இருந்தால்தான் நடக்கும். மெழுகத் தெரிந்த பெண்களுக்குக் கூலி கொடுத்து மாதம் இருமுறை ஏற்பாடு செய்யுங்கள்.

மின்சாரக் கம்பியைச் சுவரில் வெட்டிப் பதிக்காதீர்கள், வெளியே குழாயில் கொண்டு போங்கள். கழிப்பறை வேண்டும், பெரியவர்கள் வருவார்கள், பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள். அதைக் கொல்லையில் தனியாகக் கட்டுங்கள். தீயணைப்பானும் மணல் வாளியும் எளிதில் எடுக்கும் இடத்தில் இருக்கட்டும்.

சேர்ப்பது: என்ன, யாரிடம், எப்படி

நம் பக்கத்துக் கலை ஒன்றே ஒன்று அல்ல. பாரதக் கூத்து இருக்கிறது, இரணியன் நாடகம் இருக்கிறது, பம்பையும் உடுக்கையும் அடித்துச் சாமி அழைப்பது இருக்கிறது, பறை, கோலாட்டம், கும்மி, சிலம்பம், எருது விடும் விழா இருக்கின்றன. சித்தேரி மலையிலும் வத்தல்மலையிலும் வாழும் மலையாளி என்னும் பழங்குடி மக்களின் பாட்டும் ஆட்டமும் வேறு. சித்தேரிக்கு அந்தப் பக்கம் சிட்டிலிங்கியில் லம்பாடிப் பெண்களின் தையல் வேலை இன்றும் நடக்கிறது. ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் வீட்டுக்குள் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்கள் நிறைய, அவர்களின் தாலாட்டும் அந்த மொழிகளில்தான். நினைவில்லத்தில் தமிழ்ப் பாட்டுக்கு மட்டும் இடம் என்று ஆக்கிவிட்டால் பாதி ஊரை வெளியே நிறுத்தியதாகிவிடும்.

அதே சமயம் ஒரே வீட்டுக்குள் எல்லாவற்றையும் திணிக்கவும் முடியாது. அது கூத்து வாத்தியார் வீடு என்றால் கூத்தை நடுவில் வையுங்கள், மற்றவற்றுக்கு ஓர் அறை கொடுங்கள். கூத்துக்கு என்னென்ன சேரும் என்று சொல்கிறேன். கட்டைகள், அதாவது கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் போன்றவை. கல்யாண முருங்கை போன்ற கனமில்லாத மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டும் வண்ணக் காகிதமும் ஒட்டியிருப்பார்கள். சலங்கை, முகவீணை என்னும் சின்ன ஊதுகருவி, மிருதங்கம், தாளம், காலால் மிதித்து வாசிக்கும் ஆர்மோனியமான கால்பெட்டி. அரிதாரம் குழைத்த கொட்டாங்குச்சி. கதையை அறிவித்துச் சிரிக்க வைக்கும் கட்டியங்காரன் கையில் பிடித்த குச்சி. விளம்பர நோட்டீஸ்கள். ஊர்க்காரர் வெற்றிலை பாக்கு வைத்துக் கூத்துக்கு நாள் குறித்த கணக்கு நோட்டு.

இவற்றில் எல்லாவற்றுக்கும் மேலானது வாத்தியாரின் பாட்டு நோட்டு. பல ஜமாக்களில், அதாவது கூத்துக் குழுக்களில், அது ஒரே ஒரு பிரதிதான். அதை நினைவில்லத்துக்குக் கொடுங்கள் என்று கேட்காதீர்கள். அவர்கள் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்து, நல்ல வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், முன்னட்டை முதல் பின்னட்டை வரை பக்க எண் விடாமல் படம் எடுத்து, நோட்டை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள். எடுத்த படத்தை அச்சிட்டு ஒரு பிரதி அவருக்கும் கொடுங்கள். ஆடுகிறவரிடம் இருக்க வேண்டிய நோட்டு அவரிடமே இருக்கட்டும்.

ஒவ்வொரு பொருளுக்கும் ரசீது கொடுங்கள். கொடையா, கடனா, கடன் என்றால் எத்தனை நாளுக்கு என்று எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். அடுத்த தலைமுறை வந்து "எங்க அப்பாவோட மிருதங்கம் எங்கே?" என்று கேட்கும்போது பதில் காகிதத்தில் இருக்க வேண்டும்.

பிறகு பதிவேடு. கெட்டி அட்டை போட்ட ஒரு பெரிய நோட்டில் வரிசை எண், பொருளின் பெயர், அந்த வீட்டில் அதை எப்படிச் சொல்வார்கள், கொடுத்தவர், ஊர், வந்த தேதி, அளவு, இப்போதைய நிலை, எங்கே வைத்திருக்கிறோம் என்று எழுதுங்கள். அதோடு "சொன்ன செய்தி" என்று ஒரு பெரிய கட்டம் விடுங்கள், இதுதான் பதிவேட்டின் உயிர். எண்ணைப் பொருளின் மேலேயும் எழுத வேண்டும். துணியில் ஒரு நாடாவைத் தைத்து அதில் எழுதலாம். காகிதத்தில் பின்பக்கம் பென்சிலால் மெதுவாக எழுதலாம். ஸ்டிக்கர், செல்லோ டேப், இரும்புக் குண்டூசி எதுவும் வேண்டாம். பசை கறை விடும், ஊசி துருப்பிடிக்கும். பழைய போட்டோவை லேமினேட் செய்யவே கூடாது, பிறகு அதை யாராலும் மீட்க முடியாது.

தொடக்கூடாதவை

நம் மாவட்டங்களில் ஏரிக்கரையிலும் புளியமரத்தடியிலும் நடுகற்கள் நிறைய. பல ஊர்களில் அவற்றை வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். "இங்கே கேட்பாரில்லை, நினைவில்லத்தில் வைப்போம்" என்று ஒரு கல்லைக் கூடப் பெயர்த்துவிடாதீர்கள். அந்த இடத்தில் நிற்கும்போதுதான் அது அந்த ஊரின் வரலாறு. சட்டமும் இருக்கிறது. 1972-ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டத்தின்படி நூறு வருடம் தாண்டிய சிற்பம், செப்புத் திருமேனி போன்றவையும், 75 வருடம் தாண்டிய முக்கியமான சுவடிகளும் தொல்பொருள்களே. சிலவற்றைப் பதிவு செய்தாக வேண்டும். மண்ணில் புதையலாகக் கிடைத்தவற்றை 1878-ஆம் ஆண்டு புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். நடுகல்லைப் படம் எடுத்து, இருக்கும் இடத்தைக் குறித்து, வட்டாட்சியருக்கும் தொல்லியல் துறைக்கும் சொல்லுங்கள். படத்தை மட்டும் நினைவில்லத்தில் மாட்டுங்கள்.

பழைய வீடுகளில் மான் கொம்பு மாட்டியிருப்பார்கள். உடும்புத் தோல் போர்த்திய கஞ்சிரா வரும். காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972 காரணமாக இவற்றை வாங்கி வைப்பது வம்பில் முடியும். அன்போடு கொடுத்தாலும் மறுத்துவிடுங்கள்.

சட்டம் சொல்லாத இன்னொன்றும் உண்டு. கரகம், சாமி ஆயுதம், சில ஊர்களில் கூத்துக் கட்டைகளும் கூட, பூசைக்குரியவை. எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்கலாமா, செருப்போடு பக்கத்தில் போகலாமா, பெண்கள் தொடலாமா என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். அதை வைத்திருந்தவர்களைக் கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்.

குரலைப் பதிவது

என்னைக் கேட்டால் வருடத்தின் முதல் பாதி முழுவதும் இதற்கே ஒதுக்கலாம். விலை அதிகமான கருவி தேவையில்லை. நல்ல கைப்பேசியோடு சட்டையில் குத்தும் ஒரு மைக் இருந்தால் பேச்சுக்குப் போதும். பதிவைச் சுருக்காத வேவ் கோப்பாக வைக்கும் செயலியில் எடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பி வாங்கினால் ஒலி தரம் இறங்கிவிடும், எனவே கம்பி போட்டு நேராகக் கணினிக்கு மாற்றுங்கள். மூன்று பிரதிகள் இருக்கட்டும். ஒன்று நினைவில்லத்தில், ஒன்று வேறு ஹார்டு டிஸ்கில், ஒன்று வேறு ஊரில். கோப்பின் பெயரிலேயே தேதியும் ஊரும் பாடியவர் பெயரும் வரட்டும்.

பாட்டுக்கு ஓர் இடம், ஒரு நேரம் உண்டு. நடவுப் பாட்டை நாற்காலியில் உட்கார வைத்துப் பாடச் சொன்னால் இரண்டு அடியில் மறந்துவிடும். சேற்றில் இறங்கிக் குனிந்தால் தானாக வரும். தாலாட்டைப் பேரப்பிள்ளை தூளியில் இருக்கும்போது கேளுங்கள். ஒப்பாரியை வீட்டுக்குள் பாடப் பலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், நல்லதல்ல என்பார்கள். வற்புறுத்தாமல், களத்துமேட்டிலோ மரத்தடியிலோ அவர்களுக்குச் சரியென்று படும் இடத்துக்குப் போங்கள். பாடும்போது அழுதால் பதிவை நிறுத்திவிட்டுக் கூட உட்காருங்கள். அந்தப் பாட்டு செத்துப்போன அண்ணனையோ மகனையோ பற்றியது. அதை ஊருக்குக் கேட்கப் போடலாமா என்று இன்னொரு நாள், மனம் ஆறிய பிறகு கேட்க வேண்டும்.

கூத்தை முழு இரவும் எடுங்கள். ஒரு மணி நேரத் துண்டு போதும் என்று நினைக்காதீர்கள். கர்ண மோட்சம் என்ற கூத்தில் விடியற்காலை நடப்பதைப் பத்து மணிக்கு ஆடச் சொல்லி எடுத்தால் அது கூத்தாகாது. பின்பாட்டுக்காரர் பக்கம் ஒரு மைக் வையுங்கள், முகவீணைக்கு ரொம்பக் கிட்டே வேண்டாம், காதைக் கிழிக்கும். அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ, அவர்கள் தூங்கி எழுந்த பிறகு, பதிவைப் போட்டு வாத்தியாரோடு உட்காருங்கள். "இந்த இடத்தில் ஏன் இந்தத் தாளம்? இது யார் கட்டின பாட்டு? உங்க வாத்தியார் எப்படி ஆடுவார்?" என்று அவர் பேசுவதையும் பதிவு செய்யுங்கள். அந்தப் பேச்சு கூத்துப் பதிவுக்குச் சமமான மதிப்புடையது.

எல்லாப் பதிவுக்கும் முன்னால் அனுமதி. அவர்களுக்குப் புரியும் மொழியில், எதற்குப் பயன்படுத்துவோம், இணையத்தில் போடுவோமா, பெயர் போடலாமா என்று சொல்லிச் சம்மதத்தைக் குரலிலேயே பதிவு செய்துகொள்ளலாம், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் அது எளிது. பதிப்புரிமைச் சட்டம் 1957-இல் கலைஞருக்கு அவர் நிகழ்த்தியதன் மேல் தனி உரிமை உண்டு, அது 50 ஆண்டு நிற்கும். அப்புறம், பாட வந்தவருக்குக் கூலி. அன்று வயலுக்குப் போயிருந்தால் என்ன கிடைத்திருக்குமோ அதைவிடக் குறைவாகக் கொடுக்காதீர்கள். ஒரு பாக்கெட் பிஸ்கட்டோடு நிறுத்திக்கொள்வது அவமானப்படுத்துவது.

யார் உள்ளே வருவார்கள்

இதைப் பேசத் தயங்குவார்கள், நான் பேசிவிடுகிறேன். நம் ஊர்களில் ஊரும் சேரியும் தனித்தனி. பறையும் பம்பையும் அடித்தவர்கள், பல வீட்டுத் திண்ணையில் உட்காரக் கூட விடப்படாதவர்கள். அவர்கள் கருவியைக் கண்ணாடிக்குள் வைத்துவிட்டு, அவர்கள் பிள்ளைகள் அந்த வீட்டுக்குள் வரத் தயங்கும் நிலை இருந்தால் அதை நினைவில்லம் என்று சொல்லக் கூடாது. வீட்டைத் தேர்ந்தெடுக்கும்போதே அது எந்தத் தெருவில் இருக்கிறது, எல்லோரும் கூசாமல் வரக்கூடிய இடமா என்று பாருங்கள். சங்கத்தில் அவர்களுக்கு இடம் கொடுங்கள், சாவியில் ஒன்றைக் கொடுங்கள். பறையைப் பற்றிய பலகையின் வாசகத்தை அடிப்பவரே சொல்லட்டும், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

பெண்களுக்கும் இதே கதிதான் நேர்கிறது. கூத்து ஆடியவர் பெயர் ஊருக்குத் தெரியும். அவர் வேட்டியைத் துவைத்து, பத்து நாள் கூத்துக்குப் போனால் மாட்டையும் கழனியையும் பார்த்துக்கொண்ட மனைவியின் பெயர் எங்கேயும் இருக்காது. அந்த வீட்டு நினைவில்லத்தில் அவர் பெயரும் படமும் வாத்தியார் படத்துக்குப் பக்கத்தில் அதே அளவில் இருக்கட்டும்.

வைப்பது, காட்டுவது

குறைவாக வையுங்கள். சேர்த்ததில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் காட்டி, மற்றதை உலர்ந்த அறையில் பரண் மேலோ பெட்டியிலோ பத்திரப்படுத்தி, வருடத்துக்கு ஒருமுறை மாற்றலாம். கூத்து உடைகள் கனமானவை. கொடியில் தொங்க விட்டால் தோள்பட்டையில் கிழியும். கஞ்சி போக அலசிய வெள்ளைப் பருத்தித் துணி விரித்துப் படுக்க வையுங்கள். நேர் வெயில் படும் சன்னல் பக்கம் துணியோ காகிதமோ வேண்டாம், சாயம் போகும். தோல் கருவிகளை மழைக்காலத்தில் வாரைத் தளர்த்தி வையுங்கள். பூச்சி விழுந்த சின்னத் துணி இருந்தால் பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, ஊர்க் கடை டீப் ஃப்ரீசரில் ஒரு வாரம், பத்து நாள் வைத்து எடுத்தால் புழு சாகும். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காதீர்கள், குளிர் தணிந்த பிறகு பிரியுங்கள். ஓலைச்சுவடி கிடைத்தால் நீங்களே எண்ணெய் போடாமல் தெரிந்தவர்களைக் கூப்பிடுங்கள்.

தொடக்கூடியவை என்று ஓர் அறை இருக்கட்டும். ராகிக் கல்லைப் பிள்ளைகள் சுற்றட்டும், மாவு விழட்டும். முறத்தில் புடைத்துப் பார்க்கட்டும். வள்ளத்தில் அளக்கட்டும். ஒரு மிருதங்கம் அடிக்கக் கொடுங்கள், பழையதல்ல, இதற்கென்றே வாங்கியது.

பலகை வாசகம் நாலு வரிக்கு மேல் வேண்டாம். "மரத்தாலான கிரீடம், 20-ஆம் நூற்றாண்டு" என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை. யார் செதுக்கியது, எந்த வேஷத்துக்கு, தலையில் வைத்து ஆடினால் விடியும்போது கழுத்து எப்படி வலிக்கும் என்று ஆடியவர் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள், கீழே "சொன்னவர்" என்று அவர் பெயரைப் போடுங்கள். தமிழோடு தெலுங்கோ கன்னடமோ அந்தந்த ஊருக்கு ஏற்ப சேருங்கள்.

பணமும் நடத்துவதும்

கூரைக்கும் சுவருக்கும் ஊர்க்காரர்களே தருவார்கள், வெளியூரில் சம்பாதிக்கிறவர்கள் தருவார்கள். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஓசூர் தொழிற்சாலைகளின் சமூகப் பொறுப்பு நிதியைக் கேட்கலாம். 2013 நிறுவனச் சட்டத்தில் பாரம்பரியம், கலை, பண்பாட்டுப் பாதுகாப்பும் அந்த நிதிக்குரிய வேலைகளில் ஒன்று. அதற்கு உங்கள் அமைப்புக்கு வருமான வரித் துறையில் வரி விலக்குக்கும் நன்கொடையாளர் வரிச் சலுகைக்கும் உரிய பதிவுகளும் (12ஏ, 80ஜி என்று சொல்லப்படுபவை), நிறுவன விவகாரத் துறையில் இந்த நிதியைப் பெறுவதற்கான சிஎஸ்ஆர்-1 பதிவும் இருக்க வேண்டும். ஒரு தணிக்கையாளரைத் தொடக்கத்திலேயே பிடித்துக்கொள்ளுங்கள்.

சேலத்தில் உள்ள மண்டலக் கலை பண்பாட்டு மையத்தில் அறிமுகம் செய்துகொள்ளுங்கள். நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியத்தில் பதியாத கலைஞர்கள் உங்கள் ஊரிலேயே இருப்பார்கள். பதிவு படிவம் நிரப்பிக் கொடுக்கும் வேலையை நினைவில்லத் திண்ணையில் வைத்துச் செய்யலாம். மாவட்டக் கலை மன்றத்தின் கலை இளமணி முதல் கலை முதுமணி வரையிலான விருதுகளுக்கு விண்ணப்பிக்கவும் உதவுங்கள். பழைய பொருளைக் காப்பாற்றுகிற வீடு, உயிரோடு இருக்கும் கலைஞருக்கு ஒரு சான்றிதழ் வாங்கித் தர முடியவில்லை என்றால் எப்படி? பைசுஅள்ளியில் உள்ள பெரியார் பல்கலைக்கழக முதுநிலை விரிவாக்க மையத்து மாணவர்களைக் களப்பணிக்குக் கூப்பிடலாம். பதிவுகளைக் கேட்டு எழுதவும் பதிவேடு தட்டச்சு செய்யவும் கை வேண்டும்.

தினமும் திறந்து வைக்க ஆசைப்பட்டு முடியாமல் பூட்டுவதைவிட, சனி, ஞாயிறு மட்டும் தவறாமல் திறப்பது நல்லது. மற்ற நாட்களில் சாவி யாரிடம் இருக்கிறது என்று கதவிலேயே எழுதி ஒட்டுங்கள். சாவி வைத்திருப்பவருக்கு மாதம் ஒரு தொகை கட்டாயம் கொடுங்கள், சேவை என்று விடாதீர்கள். வருடத்தில் ஒரு இரவாவது அந்த வாசலில் முழுக் கூத்து நடக்கட்டும். வாரம் ஒரு மாலை பிள்ளைகளுக்கு மிருதங்கமோ அடவோ சொல்லித்தர வாத்தியார் வரட்டும்.

ஆடி பிறப்பதற்குள் ஒரு நாள் ஒதுக்கி ஓடு, வாய்க்கால், கரையான் புற்று மூன்றையும் பாருங்கள். அதே நாளில் பதிவேட்டை விரித்து, ஒவ்வொரு எண்ணையும் படித்து, பொருள் இடத்தில் இருக்கிறதா என்று இரண்டு பேர் சேர்ந்து சரிபாருங்கள். பதிவேட்டின் நகல் ஒன்றைக் கிளை நூலகத்திலும், ஒன்றை ஊராட்சி அலுவலகத்திலும் கொடுத்து வையுங்கள்.